கோயமுத்தூர் பார்சல் இன்னும் வரலீங்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை நான் மிதித்த பிரேக் இட்லி மாவில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. போனது போனதுதான்.

டெய்லர் அமுதவல்லிக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மார்க்கெட் ரோட்டில் தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று எங்களுக்கு முன்னால் நின்றுவிட்டது. திடீரென்று எல்லாம் நிற்கவில்லை. யோசித்து, கையைக் காட்டி, மரியாதையாகத்தான் நின்றது. அமுதவல்லியும் பார்த்தாள். "அக்கா, டெம்போ" என்று எனக்கு அறிவித்துவிட்டு, தன் கடமை முடிந்த மாதிரி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக் கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அதுதான் எங்கள் தொழிலின் உயிர்நாடி. அதைத்தான் மிதித்தேன். கடைசியில் கைப்பிரேக்கை இழுத்து, டெம்போவிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன்.

"ஏன் கண்ணு, உன்ற காலுக்கடியில ஒண்ணு இருக்குதே, அதை மிதிக்க மாட்டியா?"

"நீங்க மிதிப்பீங்கன்னு இருந்துட்டனுங்க்கா."

எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள். வீட்டிலும்.

மெக்கானிக் ரசாக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கத்துப் பெடலையும் இணைக்கிற கம்பி முறிந்துபோயிருக்கிறது, அது உட்கார்ந்திருக்கிற தகடும் கிழிந்திருக்கிறது, செட்டோடு மாற்ற வேண்டும் என்றான். "எப்படி முறிஞ்சுது?" என்று கேட்டதற்கு என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தான். மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டான். மரியாதை தெரிந்த பையன்.

ஸ்கூல் லைசென்ஸைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் 20ஆம் தேதி வருகிறார். என் பக்கத்துப் பெடல் வேலை செய்யாத வண்டிக்குக் கையெழுத்துப் போட மாட்டார். ஏற்கெனவே ஒரு தடவை தேதி தள்ளி வாங்கியாயிற்று. இந்தத் தடவை போனால் 'கோதை டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்கு மட்டும்' போர்டைக் கழற்றி அரிசி காயப்போட வைத்துக்கொள்ளலாம். இருப்பது ஒரே கார். வீட்டில் இப்போது சம்பாதிப்பதும் ஒரே ஆள்.

ஜூன் 4, புதன்

கார் சாமான் வாங்கக் கிளம்பினேன். முதலில் கோவை ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும், முகப்பெல்லாம் கண்ணாடி போட்ட ஸ்பேர் பார்ட்ஸ் கடை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டுமோ என்று தோன்றும் தரை. டை கட்டிய ஒரு தம்பி கம்ப்யூட்டரைத் தட்டினான்.

"சிஸ்டம்ல இல்லீங் மேடம்."

"கடைல இருக்குதா பாரு சாமி."

"சிஸ்டம்ல இல்லீன்னா கடைல இல்லீங்."

"கடைல இருந்து சிஸ்டம்ல இல்லாம இருந்தா?"

மறுபடியும் கம்ப்யூட்டரைத் தட்டினான். இந்தக் கேள்வி பயிற்சியில் வந்திருக்காது போல. பாவமாக இருந்தது. பாவம் பார்த்து, காருக்குள் வைக்கிற மல்லிகை வாசனை டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்து உடுமலை ரோட்டில் பழைய சாமான் குடோன். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கால் பெடல் வேண்டும் என்றேன். "காலுக்குத்தானுங்களே?" என்று உறுதிசெய்துகொண்டு உள்ளே போனவர், இரும்பில் பூவேலை செய்த பெடல் ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தார். தையல் மெஷின் பெடல். அமுதவல்லிக்கு ஃபோன் போட்டேன். இதைத்தான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று ஓடிவந்து வாங்கிப் போனாள்.

ஆக, பிரேக் தேடிப் போனதில் எனக்கு ஒரு வாசனை டப்பா, அமுதவல்லிக்கு ஒரு பெடல்.

ஜூன் 5, வியாழன்

ஃபோனிலேயே ஆர்டர் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். படத்தில் இருப்பது அச்சு அசலாக என் வண்டியின் பெடல் செட்தான். வந்து சேரும் நாள் ஜூன் 28 என்று போட்டிருந்தது. ஃபோனை வைத்துவிட்டுச் சட்னி அரைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

"கோகுலம் ஆட்டோ ஸ்டோர்ஸ் போங்க்கா. அங்க கெடைக்கலீன்னா ஊர்ல கெடைக்காது" என்றான் ரசாக். முறிந்த கம்பியை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தான். சாம்பிள். இந்த ஊரில் சாம்பிள் இல்லாமல் போனால் ஒரு திருகாணிகூடத் தர மாட்டார்கள்.

கோகுலத்தில் தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள். குறுக்கே ஒரு நீளமான மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நாகமாணிக்கம், காதில் பென்சிலோடு. உள்ளே போக மேஜையின் ஒரு துண்டுப் பலகையைத் தூக்கிவிட வேண்டும். அது மெக்கானிக்குகளுக்கு மட்டும் தூக்கப்படும். முதலாளி மகுடபதி கல்லாவில் இருந்தாலும் கடை நாகமாணிக்கத்தினுடையதுதான் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும்.

"சொல்லுங்ணா" என்றார் நாகமாணிக்கம். எனக்குப் பின்னால் நின்றவரிடம்.

அவர் வாங்கிக்கொண்டு போனார். "சொல்லுங்ணா" என்றார் மறுபடியும். அவருக்கும் பின்னால் நின்றவரிடம். மல்லிகை வாசனை டப்பாவைத் தலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தால் தெரிந்திருப்பேனோ என்னவோ. மஞ்சப்பையை மேஜைமேல் 'டம்' என்று வைத்தேன்.

"என்னுங்க்கா? மெக்கானிக் நம்பர் குடுங், நான் பேசிக்கறேன்."

"நானே பேசறனுங்."

"சரிங்க்கா. ஊட்ல அண்ணன் இல்லீங்களா?"

"இருக்கறாரு."

"அவரை ஒருக்கா வரச் சொல்லிருங். வண்டி சமாச்சாரம் அவருக்குத் தெரியுமல்லோ."

இந்த நாகமாணிக்கத்தின் சொந்த மச்சினிக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவர் சொல்கிற 'அண்ணன்', அதாவது என் வீட்டுக்காரர் திருமூர்த்திக்கு, கார் ஓட்டவே தெரியாது. பெண்டாட்டியிடம் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று ஒரு வைராக்கியம். வேறு ஆளிடம் போனால் ஊர் சிரிக்கும் என்று இன்னொரு வைராக்கியம். இரண்டுக்கும் நடுவில் டவுன் பஸ்.

அவர் கயிறு மில்லில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தார். மில்லை மூடி இரண்டாவது வருஷம் நடக்கிறது. மூடிய நாளிலிருந்து டிவி முன்னால் சாய்வு நாற்காலி. காலையில் செய்தி, மத்தியானம் செய்தி, சாயங்காலம் அதே செய்தி. உலகத்தில் எந்த ஊரில் எந்தப் பாலம் விழுந்தது என்று கேட்டால் சொல்வார். நம் வீட்டு கேஸ் எப்போது தீர்ந்தது என்று கேட்டால் தெரியாது. வாசற்படி தாண்டி எப்போது போனார் என்று எனக்கும் நினைவில்லை.

ஜூன் 7, சனி

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் இல்லை. மின்வாரியத்துக்கு நன்றி. டிவி இல்லாத வீட்டில் ஒன்பது மணிக்கே அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, ஒருக்கா கடை வரைக்கும் வாங்க. சும்மா நின்னாப் போதும்."

"நான் வந்து என்ன பண்றது? எனக்கு அதுல ஒண்ணுந் தெரியாது."

"தெரிய வேண்டாம். ஆம்பளையா இருந்தாப் போதும்."

அந்தத் தகுதி தனக்கு இருப்பதை யோசித்துப் பார்த்துவிட்டுச் சட்டையை எடுத்தார். சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளத்தது. துணி லூசாகிவிட்டிருக்கும்.

வழியெல்லாம் ஒத்திகை. நான் வளையலைத் தட்டினால் 'ஆமா', இருமினால் 'வேண்டாம்'. கடையில் நாகமாணிக்கம் அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "வாங்ணா! எந்த மாடல்ங்ணா வண்டி?" என்றார். இதற்கு வளையலும் கிடையாது, இருமலும் கிடையாது.

"வெள்ளை" என்றார் என் வீட்டுக்காரர்.

கடையே திரும்பிப் பார்த்தது. பிறகு நாகமாணிக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணன் செரியான தமாசு புடிச்ச ஆளுங்!" இதையே நான் சொல்லியிருந்தால், 'பாத்தீங்களா, பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது' என்றிருப்பார். நான் மாடல், வருஷம், எல்லாவற்றையும் சொன்னேன். நாகமாணிக்கம் ஒவ்வொன்றையும் என் வாயிலிருந்து கேட்டு அவரிடம் தலையாட்டினார். ஃபோனில் விசாரித்துவிட்டுச் சொன்னார்: கோயமுத்தூரில் மொத்தக் கடையில் ஒரு செட் இருக்கிறது, பார்சலில் வரும். "நாளன்னைக்கு வந்துரும்ங்ணா."

கிளம்பும்போது இவர் திரும்பி, "ஏனுங்க, அந்த ரப்பர் சாமானத்துக்கு ஆள் வந்துட்டே இருக்குது. அதைக் கொண்டுபோயி உச்சாணில வச்சுட்டு, ஒவ்வொருக்காலும் ஏணி ஏறுறீங்களே" என்றார்.

நாகமாணிக்கம் ஏணியைப் பார்த்தார். அப்புறம் தன் முழங்காலைப் பார்த்தார்.

ஜூன் 9, திங்கள்

"நானே போயி பார்சல் வந்துருச்சான்னு கேட்டுட்டு வந்தர்றேன்" என்று இவராகவே கிளம்பினார். இன்று கரண்ட் இருந்தது. டிவியும் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டார், நான்தான் அணைத்தேன்.

ஒரு மணிக்குத்தான் திரும்பினார். பார்சல் வரவில்லை. பலகையைத் தூக்கி உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார்களாம். ரசாக்குக்கே அங்கே நின்றபடி டீதான்.

ஜூன் 10, செவ்வாய்

பார்சல் வரவில்லை. ஆனால் சேதி வந்தது. இவ்வளவு நாள் ஊர் வம்புக்கு நான் ரேஷன் கடை வரிசையை நம்பிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய தவறு! ஊரே கோகுலத்தின் மேஜைமேல்தான் கிடக்கிறது. நம் பல் டாக்டர் சனிக்கிழமை முன்பக்க பம்பர் வாங்கியிருக்கிறார். அதே சனிக்கிழமை அவருடைய மச்சினன் பின்பக்க விளக்கு வாங்கியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சொத்துத் தகராறு. பேங்க் மேனேஜர் இந்த மாதத்தில் மூன்றாவது இடதுபக்கக் கண்ணாடி வாங்கிவிட்டாராம். 'ஓட்டுறது அவர் சம்சாரம்' என்று அவரே சொல்கிறாராம். அந்த அம்மாள் என்னிடம் பழகியவள். எங்கேயும் இடித்துவிடக் கூடாது என்று அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற அளவுக்கு நிதானம். உடைப்பது யார் என்று எனக்குத் தெரியும்.

இவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரசத்துக்கு இரண்டாவது தடவை சோறு கேட்டார். ரசம் நன்றாக அமைந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

பார்சல் வரவில்லை. சட்டையெல்லாம் கிரீஸ். ரப்பர் சாமான்களைக் கீழ் அடுக்குக்கு இறக்கிவிட்டார்களாம். 'இறக்கிவிட்டார்கள்' என்றால் யார் என்று கேட்டேன். "நாகமாணிக்கத்துக்கு முட்டி வலியாம்" என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை.

கிரீஸை எடுக்கத் தவிட்டுத் தூள் போட்டு ஊறவைத்திருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

எனக்குப் பாடம் எடுக்க வண்டி இல்லை. வருகிற பெண்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், வீட்டு ஹாலில் நான்கு நாற்காலி போட்டு, ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்து ஸ்டீயரிங் பழக்கினேன். பால் ஊற்ற வந்தவர், ஐந்து பொம்பளைகள் தட்டைப் பிடித்து வலதும் இடதும் திருப்புவதைப் பார்த்துவிட்டு, ஏதோ பூஜை என்று செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சிரித்தோம். ஆனால் மூன்று பேர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஸ்கூலில் சேர்ந்துவிட்டதாக அமுதவல்லி சொன்னாள். 20ஆம் தேதிக்கு அப்புறம் மிச்சம் பேரும் அங்கேதான் போவார்கள்.

ஜூன் 14, சனி

"வரலீங்" என்றார் இவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே. நாகமாணிக்கத்தின் ராகத்திலேயே சொல்கிறார்.

"கோயமுத்தூர் என்ன காசியா? ஒரு மாட்டை அவுத்து உட்டிருந்தா இந்நேரம் மேஞ்சுட்டே வந்து சேர்ந்திருக்கும்."

"பார்சல் மாறிப் பழனிக்குப் போயிருச்சாமா."

"பழனிக்கா? எதுக்கு, மொட்டை போடவா?"

அவர் சிரிக்கவில்லை. பொதுவாக என் பேச்சுக்குச் சிரிக்கிற ஆள் இல்லைதான். ஆனால் முகத்தைக் கழுவப் போனவர் ரொம்ப நேரம் கழுவினார்.

ரசாக் ஃபோன் செய்தான். செட் கைக்கு வந்தாலும் மாட்ட இரண்டு மூன்று நாள் பிடிக்குமாம். நான் சமாதானம் சொல்லி வைத்தேன். திங்கட்கிழமை நானே கோயமுத்தூர் போய், பழனியோ காசியோ, விசாரித்துவிடுவது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருடைய பொறுப்பில் தலையிட்ட மாதிரி இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

மொத்தக் கடைக்காரர் நல்ல மனுஷன். உட்கார வைத்து மோர் கொடுத்தார். பில் புத்தகத்தைக்கூடப் புரட்டவில்லை, வாயாலேயே சொன்னார்.

"அது போன செவ்வாய்க்கெழமையே போயிருச்சுங்களே அம்மா. வந்து சேந்துருச்சுன்னு கோகுலத்துல இருந்து அன்னைக்கே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டாங்க."

"பழனிக்கு எதாச்சும் மாறிப் போச்சுங்களா?"

"பழனிக்கு நம்ம பார்சலே கெடையாதுங்க."

மோரைக் குடித்து முடித்தேன். நல்ல மோர்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வார்த்தைகளைத் தயார் செய்தேன். கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் என்னிடம் ஒரு முழு மேடைப் பேச்சு இருந்தது. அடுப்பு எரிகிற விஷயம், போர்டு கழற்றுகிற விஷயம், பொய்க்குப் பழனி முருகனை இழுத்த விஷயம், எல்லாம் வரிசையாக. சிலதெல்லாம் எனக்கே கைதட்டத் தோன்றியது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோகுலம். ரோட்டுக்கு இந்தப் பக்கம், பேக்கரி வாசலில் நின்று பார்த்தேன். அங்கே பேசுவது இங்கே கேட்கிற அளவுக்குச் சின்ன ரோடு.

மேஜைக்கு அந்தப் பக்கம் இவர் நின்றுகொண்டிருந்தார். மெக்கானிக்குகள் இரண்டு பேரோடு நாகமாணிக்கம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஓரமாக ஒரு சின்னப் பெண், காலேஜ் முடித்திருப்பாள், கையில் வைப்பர் பிளேடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் நின்றாள். நான் நின்ற அதே இடம். இவர் மெக்கானிக்குகளைத் தாண்டிக் கையை நீட்டி அவளிடமிருந்து அதை வாங்கினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. வண்டி நீங்கதான ஓட்டறீங்க?"

"ஆமாங்க அங்கிள். அப்பாவ வேணா கூட்டிட்டு வரட்டுங்களா?"

"அப்பாவுக்கு எதுக்கு அலைச்சல்? மழைல தேய்க்கறப்ப சத்தம் வருதா, தண்ணி நிக்குதா, அதை மட்டும் சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவர் நின்று கேட்டார். உள்ளே போய் ஏணி வைக்காமல் எடுத்து வந்து, சாம்பிளின்மேல் வைத்து அளந்து காட்டினார். இவருக்கு எது வைப்பர் எது பம்பர் என்று எப்போது தெரிந்தது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் பேக்கரிக்காரர் இரண்டு தடவை "என்ன வேணும்" என்று கேட்டிருக்கிறார்.

ரோட்டைத் தாண்டிப் போனேன். அந்தப் பெண் விலகியதும் மேஜை முன்னால் நான்.

"சொல்லு..." என்று தொடங்கி நிமிர்ந்தார்.

"கோயமுத்தூர் பார்சல்" என்றேன்.

நாகமாணிக்கம்தான் திரும்பினார். "அட, வாங்க்கா! வண்டி ரெடியாயிருச்சுங்களா? செவ்வாக்கெழமையே வந்துருச்சு. வண்டிய ரசாக்கு இன்னும் முழுசா அவுக்கல, அவுத்ததும் எடுத்துக்கறேன்னு அண்ணந்தான் பத்திரமா வச்சிருக்கறாரு." சொல்லிக்கொண்டே என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவருக்கு ஏதோ உறைத்தது. காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி அதே காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இவர் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தார். தூசு படாமல் சாக்குத் துணி சுற்றி, சணலால் கட்டி வைத்திருந்தார்.

வீடு வரைக்கும் அவரே தூக்கி வந்தார்.  ரயில்வே கேட் மூடியிருந்தது. பாலக்காட்டு ரயிலுக்காக நின்றோம்.

"வாங்கிட்டா, அடுத்த நாள் நான் எங்க போறதுன்னு இருந்துச்சு" என்றார். தண்டவாளத்தைப் பார்த்தபடி.

ரயில் வந்தது. நீளமான ரயில்.

பஸ்ஸில் தயார் செய்த பேச்சில் இதற்குப் பொருத்தமாக ஒரு வரிகூட இல்லை. வீட்டுக்கு வந்து தோசை ஊற்றினேன்.

ஜூன் 17, செவ்வாய்

ரசாக் வண்டியைப் பிரித்து, புது செட்டை வைத்துப் பார்த்து, நாக்கைக் கடித்தான். தகட்டில் துளைகள் பொருந்தவில்லை. லேத் பட்டறையில் கொடுத்துப் புதுசாகக் கடைய வேண்டும்.

"ஒரு வாரம் முன்னாடி கையில குடுத்திருந்தா நிதானமாப் பண்ணிருப்பனேக்கா. இப்பப் போயி குடுக்கறீங்களே!"

இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கப் போனார்.

"பார்சல் லேட்டு" என்றேன் நான். "பழனிக்குப் போயிருச்சு."

ஜூன் 18, புதன்

ரசாக்கின் லேத்துக்காரர் மகள் கல்யாணத்துக்கு ஈரோடு போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாராம். இன்னொரு லேத்தில் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஃபோன் போட்டு, தேதியை மறுபடி தள்ள முடியுமா என்று கேட்டேன். எடுத்த ஆள் ரொம்பப் பணிவாக, "முடியாதுங்க மேடம்" என்றார். பணிவாகச் சொன்னால் நிஜமாகவே முடியாது என்று அர்த்தம்.

சாயங்காலம் இவர் மஞ்சப்பையில் தகட்டைப் போட்டுக்கொண்டார். "மில்லு ஃபிட்டரு துரைச்சாமி நெகமத்துல சொந்தமா லேத்து போட்டிருக்கறான்னு கேள்வி. காத்தால போறேன்."

மில்லை மூடியதிலிருந்து அங்கே வேலை பார்த்த ஒருத்தர் ஃபோன் பண்ணினாலும் எடுக்காத ஆள். போன மாதம் இதே துரைச்சாமி வீட்டுக்கே வந்தபோது, தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். டிவியில் செய்தி அலறிக்கொண்டிருந்தது.

ஜூன் 19, வியாழன்

முதல் பஸ்ஸுக்குப் போனார். மத்தியானம் வரைக்கும் தகவல் இல்லை. நான் போர்டைத் துடைத்தேன். கழற்றுவதற்கு இல்லை, சும்மா துடைத்தேன்.

சாயங்காலம் துரைச்சாமியின் பைக்கில், அவருக்குப் பின்னால், தகட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். இரண்டு பேரும் மில் முதலாளியைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். துரைச்சாமி என்னைப் பார்த்து, "நல்லாத் தூங்கி எந்திரிச்சிருக்கறாருங்க அண்ணன்" என்றார். காப்பி கொடுத்தேன். வேறென்ன செய்வது?

ரசாக் மாட்டிக்கொண்டிருக்கிறான். இவர் அங்கேயே டார்ச் பிடிக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

பிரேக் இன்ஸ்பெக்டர் இளம் வயது. வண்டியைச் சுற்றிவந்தார். பேப்பரெல்லாம் பார்த்தார். என் பக்கத்துப் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"ஓட்டிப் பாக்கணும். யாராவது டிரைவர் சீட்ல உக்காருங்க" என்று இவரைப் பார்த்தார். எல்லாரும் இவரைத்தான் பார்ப்பார்கள்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

"டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கீங்க, ஓட்டத் தெரியாதா?"

"ஸ்கூலு அவங்களுதுங்க" என்று என்னைக் காட்டினார் இவர். "நான் ஸ்பேர் பார்ட்ஸ்."

நான் திருத்தவில்லை.

இன்ஸ்பெக்டரே ஓட்ட உட்கார்ந்தார். "நான் சொல்றப்ப மிதிங்க" என்றார். மார்க்கெட் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும், "ம்" என்றார். புதுப் பெடலின் சுபாவம் எனக்கு இன்னும் பழகவில்லை. வண்டி அப்படியே ஆணியடித்த மாதிரி நின்றது. அவர் மேல்பையிலிருந்த பேனாவும் மூக்குக் கண்ணாடியும் பறந்து என் மடியில் விழுந்தன.

"போதும்" என்றார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டார். ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. ரசாக் வீட்டுக்கும் துரைச்சாமி வீட்டுக்கும் கேசரி கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 21, சனி

இவர் இன்றைக்குச் சாய்வு நாற்காலியில். டிவி ஓடியது. ஏதோ ஒரு நாட்டில் தேர்தல். சத்தம் வைக்கவில்லை, படம் மட்டும்.

மத்தியானம் ரசத்துக்குச் சோறு கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் நான் கோயிலுக்குப் போகிற வழியில் கோகுலம் முதலாளி மகுடபதி ஃபோன் செய்தார்.

"அக்கா, நாகமாணிக்கத்துக்கு முட்டி தாங்கறதில்லீங். உங்கூட்டு அண்ணன் வந்து அடுக்கிக் குடுத்ததுல இருந்துதான் கடை கடையாட்ட இருக்குது. அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டாத் தப்பா எடுத்துக்குவாருங்களா? நீங்க ஒருவார்த்தை சொன்னா..."

"சாமி, நான் சொன்னாக் கெட்டுது காரியம். நீங்க நேரா அவருக்கே போடுங்க. எங்கிட்டப் பேசுனதாவே காட்டிக்காதீங்க."

வீட்டுக்கு வந்தால் இவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கணக்கு தெரியும். 'ரொம்ப சந்தோஷம், போயிட்டு வாங்க' என்றால், நானே போய்க் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை என்று அவருக்கு ஒரு சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் நாற்காலிக்குப் போய்விடுவார்.

"என்னது! கடைல நின்னு சாமான் எடுத்துக் குடுக்கறதா? எத்தனை பேருக்கு மேல இருந்த ஆளு! ஊர்ல நாலு பேரு என்னைப் பாத்து என்ன பேசுவாங்க?"

"என்ன பேசுவாங்க? நான் என்ன திருடவா போறேன்?"

"எனக்குப் புடிக்கல. வேண்டாம்னா வேண்டாம்."

"உனக்குப் புடிச்சா என்ன, புடிக்காட்டி என்ன? நீ ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித் தர்றதுக்கு நான் என்னைக்காச்சும் வேண்டாம்னனா? எனக்குன்னு ஒண்ணு வந்தா மட்டும் உனக்குப் பிரேக்கா?"

மனுஷனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பதே மறந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள். நானும் விடவில்லை. குழம்புக் கரண்டியைப் போட்டேன். ஒரு பாத்திரத்தை உருட்டினேன். கடைசியில், "என்னமோ பண்ணுங்க, எங்கிட்டப் பேசாதீங்க" என்று தோற்றேன்.

அவர் ஜெயித்த கையோடு சட்டையை இஸ்திரி போட்டார். காலரை இரண்டு தடவை.

ஜூன் 23, திங்கள்

ஒன்பது மணிக்குக் கிளம்பினார். நான் கோபமாக இருக்கிறேன் என்பதால் சாப்பாட்டுத் தூக்கை அவர் கையில் கொடுக்கவில்லை. வாசல் திட்டில், எடுக்காமல் போகவே முடியாத இடத்தில் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு போனார்.

பத்தரைக்கு அமுதவல்லிக்குப் பாடம். கடைவீதிப் பக்கம் திருப்பச் சொன்னேன்.

"இந்தப் பக்கம் எதுக்குங்க்கா? நாம பைபாஸ்லதான பழகறோம்?"

"நெரிசல்லயும் ஓட்டிப் பழகோணுமல்லோ."

கோகுலம் வந்தது. அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் யாரிடமோ எதையோ அளந்து காட்டிக்கொண்டிருந்தார். முன்னால் நான்கைந்து பேர். காதில் ஒரு பென்சில். நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமில்லை.

அமுதவல்லி வேகத்தைக் குறைத்தாள். "அக்கா, அண்ணன்! நிறுத்தட்டுங்களா?"

"எதுக்கு? நான் அவரோட பேச்சுவார்த்தை இல்லாமக் கோவமா இருக்கறேன். நேராப் பாத்து ஓட்டு."